மூன்று பேருக்குத்தான் பெர்மிட்

அமெரிக்கப் பாடகன் ஒருவனுக்குச் சந்தனப் பொட்டு வைப்பது சுலபமான வேலை அல்ல. நெற்றி முழுக்க முடி.

ஜானி என்கிற அந்தப் பையன் படத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்மயிர் சுருண்டு, எண்ணெய் மினுமினுக்க, புருவம் வரைக்கும் தொங்கியது. பொட்டை முடியின்மேல் வைத்தால் காக்கை எச்சம் மாதிரி தெரிந்தது. கொஞ்சம் இறக்கி மூக்கின்மேல் வைத்தால் காயத்துக்குக் களிம்பு போட்ட மாதிரி இருந்தது. விரல் நுனியில் சந்தனத்தோடு நின்றுகொண்டே இருந்தேன்.

“வெச்சுத் தொலையேன்டா. சந்தனம் காஞ்சு போவுதுலா” என்றான் முனியாண்டி.

“எங்க வைக்கிறது? எடம் எங்க இருக்கு?”

“கன்னத்துல வையி. திருஷ்டிப் பொட்டு மாதிரி.”

“செத்துப் போனவனுக்கு இனிமே என்னடா திருஷ்டி?” என்று கிதாரைத் துடைத்துக்கொண்டே கேட்டான் ஞானராஜ்.

மலாக்கா மாநிலத்துப் பெம்பானிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆயாக்கொட்டகை அது. பால்வெட்டுக்குப் போகிற தாய்மார்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் குழந்தைகள் இல்லை. உத்தரத்திலிருந்து தொட்டில் கயிறுகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. வசம்பு வாடையும் மூத்திர வாடையும் சமபங்காக வீசின.

மேசைமேல், தேயிலைப் பெட்டிப் பலகையில் சோற்றுப் பசையால் ஒட்டிய மூன்று படங்கள். ஜானி, டாமி, ரெக்ஸ். மூவரும் ராக் அண்ட் ரோல் பாடிக்கொண்டிருந்தவர்கள். மூவரும் ஒரே சின்ன விமானத்தில் ஏறி, ஒரே பனிக்காட்டில் விழுந்து செத்தவர்கள். மூவர் வயதையும் கூட்டினால் என் இன்றைய வயதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வரும்.

அன்று அவர்களுக்குப் பதினாறாம் நாள் காரியம்.

நான் ஒருவழியாகப் பொட்டை ஜானியின் காதோரம் வைத்து முடித்தபோது வாசலில் நிழல் தட்டியது. பாக்கியம் அத்தை. அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். ஒரு கையில் தூக்குச்சட்டி. இன்னொரு கையில் துண்டில் சுற்றிய எதுவோ.

துண்டைப் பிரித்தாள். சட்டம் போட்ட ஒரு படம்.

“எம்மவன் படத்த எந்தப் பக்கம் வைக்கணும், தம்பி?”

அவள் மகன் வேலு, ஏழு வருஷத்துக்கு முன்னால் காட்டில் கொம்யூனிஸ்டுகளோடு இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டவன். அவனுக்கு அன்றுவரை ஒரு சூடம் கொளுத்தியதில்லை. அவள் வாய்விட்டு அழுததும் இல்லை. பயம்.

மணி மூன்று. நாலு மணிக்கு போலீஸ் சார்ஜன் நேரில் வந்து பார்வையிடப்போகிறார். எங்கள் கையிலிருந்த பெர்மிட்டில் மூன்று பேருடைய காரியத்துக்குத்தான் அனுமதி.

ஜாலி டேப்பர்ஸ்

எங்கள் குழுவின் பெயர் ‘ஜாலி டேப்பர்ஸ்’. மூன்று பேரில் உண்மையிலேயே டேப்பராக, அதாவது ரப்பர் பாலுக்காக மரம் வெட்டியவன் முனியாண்டி ஒருவன்தான். அவனும் அந்த வேலையில் ஜாலி எதையும் கண்டதாகச் சொன்னதில்லை.

ஞானராஜ் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரின் மகன். மாதா கோவிலில் பாடுகிற குரல். மலாக்கா கடற்கரைப் பக்கம் போர்த்துகீசியர் குடியிருப்பில் ஒரு மீன்காரரிடம் கிதாரில் மூன்று சுருதி கற்றுக்கொண்டு வந்திருந்தான். நாலாவதைக் கற்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அந்த மூன்றை வைத்தே எல்லாப் பாட்டையும் சமாளித்தான். ராக் அண்ட் ரோலுக்கு அது தாராளம்.

முனியாண்டி ரொட்டி டின்னில் தாளம் போடுவான். தலைமுடியை ஜானி மாதிரி முன்னால் சுருட்டிவிட அவன் பட்ட பாட்டை ஒரு தனிக் காவியமாக எழுதலாம். எங்கள் ஊர் வெயிலில் தேங்காயெண்ணெய் உருகி, சுருள் பத்து நிமிஷத்தில் நெற்றியில் படுத்துவிடும்.

நான் பெம்பான் மளிகைக்கடைக்காரர் மகன். படிப்பை முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, அலோர் காஜா ஆபீசிலிருந்து பதில் வரும் என்று காத்திருந்தேன். மனுப் போடுவதுதான் அப்போதைக்கு என் தொழில். குழுவில் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு கம்பு நட்டு, ஒரு கயிறு கட்டி, அதைத் ‘தும் தும்’ என்று இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரே கயிறுள்ள வாத்தியத்தில் தப்பான ஸ்வரம் வாசிக்கத் தனித் திறமை வேண்டும். ஆகவே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

இப்போது என் மகன் அறையில், சுவர் பூராவும் பாடகர்களின் படங்கள். “இவன் இருபத்தேழு வயசுல செத்துட்டான்ப்பா” என்று ஒருவனைக் காட்டுகிறான். “எங்க ஆளு பதினேழுலயே போயிட்டான்” என்கிறேன். என்னமோ போட்டியில் ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கே ஒரு பெருமிதம். சின்ன வயதில் செத்த பாடகனுக்கு ஒரு சௌகரியம்: படத்தில் தொப்பை விழுவதில்லை. அந்த வாய்ப்பை நான் தவறவிட்டேன். சர்க்கரையும் தொப்பையுமாக, சாயங்காலம் சீனியில்லாத காப்பியோடு, நன்றாகவே இருக்கிறேன். புகார் எதுவும் கிடையாது.

மிளகாய்ப் பொட்டலச் செய்தி

அந்தப் பாட்டுகளை நாங்கள் காப்பிக்கடை ரேடியோவில் கேட்டோம். படங்கள் புலாவ் செபாங்கிலிருந்து வந்தன. அங்கே ரயில்வேயில் வேலை செய்த ஞானராஜின் சித்தப்பா, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ரயிலில் விட்டுப்போகிற சஞ்சிகைகளைச் சேர்த்து வைத்துக் கொடுப்பார். சிப்பாய்கள் கொம்யூனிஸ்டைத் தேடி வந்தார்கள். எங்களுக்கு ஜானியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சாவுச் செய்தி மட்டும் எங்கள் கடை வழியாக வந்தது. பொட்டலம் கட்ட அப்பா பழைய பேப்பரை மொத்தமாக வாங்குவார். ஒரு காலையில் மிளகாய் மடிக்கத் தாளைக் கிழித்தேன். அதில் மூன்று முகங்கள். ஐந்து வாரத்துப் பழைய செய்தி. நான் மிளகாயை வேறு தாளில் கொட்டி, காத்திருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன். மிளகாயோடு மிச்சப் பணத்தைக் கொடுத்தேனா என்று அப்பா பின்னாலிருந்து கத்தியது ரோடு முனைவரை கேட்டது.

முனியாண்டி பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கினான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“மூணு பேருமா?”

“மூணு பேரும்.”

“அப்ப ஒரு மாசமா ஞானராஜு படிச்சுக்கிட்டிருக்கறது செத்தவன் பாட்டா? தெரியாம நாமளும் ஜாலியா டின்ன தட்டிக்கிட்டு இருந்துட்டமேடா.”

செய்தியைக் கேட்ட ஞானராஜ் கிதாரை உறைக்குள் வைத்தான். அன்று முழுவதும் வெளியே எடுக்கவில்லை.

நண்பனோ வள்ளலோ செத்தபின் புலவன் பாடுவதற்குக் கையறுநிலை என்று பழைய இலக்கணத்தில் ஒரு துறை இருக்கிறது. கிதார்க்காரன் செத்தால், அதுவும் நம்மை அறியாத கிதார்க்காரன் செத்தால், என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். செத்தவனுக்குப் படம் வைத்து, மாலை போட்டு, பதினாறாம் நாள் காரியம் செய்வது.

அதிலும் ஒரு சிக்கல். பதினாறு எப்போதோ தாண்டிவிட்டது. கோவில் பூசாரியிடம் போய் நின்றோம்.

“சாவு எங்க?”

“வெளியூருங்க.”

“எவ்வளவு தூரம்?”

“கப்பல்ல போனா மாசக்கணக்கு ஆவும்.”

“ஊருல பங்காளியா? சேதி லேட்டாத்தான் வந்திருக்கும். காதுல விழுந்த நாள்லேருந்து எண்ணிக்கலாம். முறைதான் அது.” பிறகு சந்தேகமாகப் பார்த்தார். “மூணு பேருக்கும் ஒரே பங்காளியா?”

“ஆமாங்க” என்றான் ஞானராஜ். கத்தோலிக்கன்.

அவன் தன் பங்குக்கு மெழுகுவத்தியும் ஏற்ற வேண்டும் என்றான். சூடத்துக்கும் மெழுகுவத்திக்கும் இடம் ஒதுக்கினோம். படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். சஞ்சிகையில் மூவருக்கும் மாட்டிறைச்சி ரொட்டி பிடிக்கும் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைப் படிக்காததாக வைத்துக்கொண்டு, ஆரஞ்சு சோடா வைப்பதென்று தீர்மானித்தோம்.

என் ஆங்கிலம்

காட்டிலிருந்த கொம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார சர்க்கார் கொண்டுவந்த அவசரகாலத்தின் கடைசி வருஷங்கள் அவை. எங்கள் மாநிலத்தில் முள்வேலியும் ஊரடங்கும் போய்விட்டன. பயம் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி காலி செய்ய மறுத்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்வதென்றால் போலீஸ் பெர்மிட் வேண்டும். மனு எழுதுவது செயலாளர் பொறுப்பு.

பாட்டு என்று எழுதினால் பெர்மிட் தரமாட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். ராக் அண்ட் ரோலுக்கு அப்போது கெட்ட பெயர். அதைக் கேட்கிற பிள்ளைகள் சினிமாக் கொட்டகையில் நாற்காலியைக் கிழிப்பார்கள் என்று பேச்சு. என் அப்பா காதுக்குப் போனால் இன்னும் மோசம். ஆகவே பாடகன் என்கிற சொல்லையே தவிர்த்து, நாலு பேர் மெச்சும்படியாக ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“இளம் வயதிலேயே மண்ணில் விழுந்த மூன்று வீர நெஞ்சங்களுக்கு, அவர்களது குரலை என்றும் மறவாத தோட்டத்து இளைஞர்கள், அவர்கள் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதிகூறி நடத்தும் இறுதிச் சடங்கு.”

இதை நான் மூன்று தரம் படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாளே ஒரு மாத்தா கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். போலீஸ்காரரைப் பார்த்ததும் அப்பாவின் தராசு அப்படியே அந்தரத்தில் நின்றது.

ஸ்டேஷனில் ஒரு கச்சேரி

சார்ஜன் மைக்கேல் எங்கள் வட்டாரத்துத் தமிழர். கட்டைக் குரல். என் மனுவை மேசைமேல் விரித்து, ஒரு பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். அடிக்கோடு இல்லாத வார்த்தை குறைவு.

“யாருடா இந்த மூணு வீர நெஞ்சம்?”

“பாட்டுக்காரங்க சார்.”

“காட்டுக்குள்ள பாட்டு வேற படிச்சானுங்களா?”

“காடு இல்ல சார். அமெரிக்கா.”

“விட்டுச் சென்ற பணின்னு எழுதியிருக்க. என்னா பணி?”

“கிதார் வாசிக்கிறது சார்.”

பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு குரல் இறங்கியது.

“ஏழு வருசத்துக்கு முந்தி, இதே மாசம்தான். மூணு பேரச் சுட்டுக் கொண்டாந்து லாரிப் பலகையில போட்டாங்க. ஊர்க்காரங்க பாத்து அடையாளம் சொல்லணும்னு. ரெண்டு நாளு நான்தான்டா காவலு. ஈ ஓட்டிக்கிட்டு நின்னேன். இந்த வட்டாரத்துல செத்துப்போன மூணு பேருன்னா, எனக்கு அந்த மூணு பேருதான். இப்ப சொல்லு, யாருக்கு நீ கருமாதி வைக்கிற?”

விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம் என்கிற சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அலோர் காஜா ஆபீஸ் எனக்குப் பதில் போடுவதற்குள் நான் முகவரி மாறிவிடுவேன் போலிருந்தது. பையிலிருந்த சஞ்சிகைப் படங்களை எடுத்து வைத்தேன். நம்பவில்லை. கடைசியில் ஞானராஜைக் கிதாரோடு கூட்டிவரச் சொன்னார்.

ஞானராஜ் ஸ்டேஷன் நடுவில் நின்று ஜானியின் பாட்டு ஒன்றைப் பாடினான். பயத்தில் வழக்கத்தைவிட வேகமாகப் போய்விட்டது. லாக்கப்பில் இருந்த ஒரு சாராயக்காரர் கம்பியைத் தட்டித் தாளம் போட்டார்.

“போதும், போதும்” என்று சார்ஜன் கையைத் தூக்கினார். “இந்தச் சத்தத்துக்காக எந்தக் கம்னிஸும் உசிர விடமாட்டான்.”

பெர்மிட்டை அவரே டைப் அடித்தார். ஜானி, டாமி, ரெக்ஸ். இருபது பேருக்கு மேல் கூடாது. ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். “மூணு பேருக்குத்தான் பெர்மிட்டு. நானே வந்து பாப்பேன். மேல ஒரு பேரு கேட்டுச்சுன்னா, கிதாரோட மூணு பேரையும் அள்ளிக்கிட்டு வந்துருவேன்.”

நாங்கள் தலையாட்டினோம். வேறு பெயர் எதற்கு வரப்போகிறது?

வேலு

தோட்டத்தில் செய்தி பரவுவதற்கு ரேடியோ தேவையில்லை. மூன்று பையன்களின் காரியத்துக்கு சர்க்கார் பெர்மிட் கொடுத்துவிட்டதாம் என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயத்துக்கு லயம் போயிற்று. எந்த மூன்று பையன்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சார்ஜனுக்கு வந்த நினைப்புத்தான் எல்லாருக்கும் வந்தது.

அந்த மூவரில் இரண்டு பேர் சீனப் பையன்கள். மூன்றாமவன் வேலு. பதினெட்டு வயதில் ஒரு காலையில் அவன் வேலைக்குப் பெயர் கொடுக்க வரவில்லை. தானாகப் போனான் என்றார்கள். இழுத்துக்கொண்டு போனார்கள் என்றும் சொன்னார்கள். பத்து மாதம் கழித்து லாரிப் பலகையில் வந்தான். பெற்றவளைக் கூட்டிவந்து காட்டினார்கள். “ஆமா, எம்மவன்தான்” என்று மட்டும் சொன்னாள். அழுதால் வீட்டில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் விசாரிக்கப் பிடித்துப் போவார்களோ என்று பயம். உடம்பைப் போலீஸே புதைத்தது. எங்கே என்று சொல்லவில்லை. காரியம் செய்யப் பூசாரி வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யாருமே வரவில்லை.

அந்த நாட்களில் கடைக்காரர்கள் பால் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் கெட்டுப்போகட்டும் என்று. எங்கள் கடையில் ஆணியும் சுத்தியலுமாக அந்த வேலையைச் செய்தவன் நான். எனக்குத் தாளம் வந்ததே அப்படித்தான் என்று பின்னாளில் மேடைகளில் ஜோக் அடித்திருக்கிறேன். கை தட்டுவார்கள். காட்டில் வேலு என்ன சாப்பிட்டான் என்று யாரும் கேட்டதில்லை. நானும் அந்தப் பக்கம் பேச்சைக் கொண்டுபோனதில்லை.

யார் சொல்வது?

ஆகவே ஆயாக்கொட்டகையில் மணி மூன்றுக்கு நிலைமை இது. பாக்கியம் அத்தை படத்தோடு நிற்கிறாள். அவள் தப்பாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இது அவள் மகனுக்கான காரியம் அல்ல. யாராவது அதைச் சொல்ல வேண்டும்.

மூவரும் கிணற்றடிக்கு ஒதுங்கினோம்.

“நீதான செயலாளரு? நீ சொல்லு” என்றான் ஞானராஜ்.

“நான் ராஜினாமா பண்ணிட்டேன்.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

“அவங்க ஆசையா சமைச்சுக்கிட்டு வந்திருக்காங்கடா.”

“சார்ஜன் பாத்தா நம்மள மட்டுமா புடிப்பாரு? அத்தையையும் சேத்துத்தான். பொண்ணுங்க ரெண்டும் இப்பத்தான் கல்யாணமாகிப் போயிருக்கு. மறுபடியும் விசாரணைன்னு ஆரம்பிச்சா?” என்றேன். என் பயத்துக்கு அவள் பெயரில் ஒரு நியாயம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

முனியாண்டி உள்ளே போனான். நாங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பலகையில் ரெக்ஸுக்குப் பக்கத்தில் நாலாவது படம் இருந்தது. மாலைகள் மூன்றுதான். நாலாவதற்கு முனியாண்டி தன் வீட்டு வாசலில் பூத்த செம்பருத்தியைப் பறித்துவந்து, வாழைநாரில் கோத்துக்கொண்டிருந்தான்.

“ஏழு வருசமாச்சுலா” என்றான். அவ்வளவுதான்.

தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை கொடுத்தபோது எடுத்த படம் அது. பலருக்கு வாழ்க்கையில் எடுத்த ஒரே படம். கேமராவைப் பார்த்து மிரண்ட கண். வகிடு எடுத்துப் படிய வாரிய முடி. நெற்றி தாராளமாக இருந்தது. பாக்கியம் அத்தை பொட்டு வைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

தூக்குச்சட்டியைத் திறந்து இலையில் பரிமாறினாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, நெத்திலி சம்பல். ஆரஞ்சு சோடாவை ஒரு பார்வை பார்த்தாள். அதையும் இலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

சார்ஜன் எண்ணினார்

சரியாக நாலு மணிக்கு சைக்கிள் சத்தம். சார்ஜன் மைக்கேல் பெர்மிட் நகலைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். படங்களைப் பென்சிலால் சுட்டி எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

பென்சில் நின்றது.

“நாலா இருக்கே.”

பாக்கியம் அத்தை சுவரோரம் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். முனியாண்டி என்னைப் பார்த்தான். ஞானராஜ் என்னைப் பார்த்தான். ராஜினாமாவை இருவருமே ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

“பைலட்டு, சார்” என்றேன்.

என்னைக் கேட்டுக்கொண்டு என் வாய் அதைச் சொல்லவில்லை.

“என்னாது?”

“ஏரோப்ளேன் ஓட்டினவரு சார். அவரும் கூடவே செத்துட்டாரு. அவர மட்டும் விட்டா நல்லா இருக்காதுன்னு...”

சார்ஜன் குனிந்து படத்தைப் பார்த்தார். இரண்டு நாள் பக்கத்திலேயே நின்று ஈ ஓட்டிய முகம் அது. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

“அமெரிக்காக்காரன். கொஞ்சம் கறுப்பா இருக்கான்.”

“வெயில்ல ஓட்டுறவரு சார்.”

“ம்.” நிமிரவில்லை. “பேரு என்னா?”

“பேப்பர்ல போடல சார்.”

“பெர்மிட்டுல பேரு இருக்கறவனுக்குத்தான் நான் பொறுப்பு. பேரே தெரியாதவனப் பத்தி எங்கிட்ட கேள்வி இல்ல.”

நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். நல்ல வெயில்தான்.

சூடமும் மெழுகுவத்தியும் ஏற்றினோம். ஞானராஜ் பாடினான். முனியாண்டி டின்னை மெதுவாகத் தட்டினான். நான் கயிற்றை இழுத்தேன். செத்தவர்கள் கேட்டிருந்தால் இன்னொரு தரம் செத்திருப்பார்கள். மூன்று பாட்டு முடிந்தது.

“ஒங்க பாட்டு ஆச்சா?” என்று கேட்டாள் பாக்கியம் அத்தை. “இனி நான் படிக்கலாமா?”

முனியாண்டி டின்னை ஓரமாக நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான்.

“இந்தப் புள்ளைங்க பேரச் சொல்லு தம்பி. பேரு தெரியாம எப்புடி அழறது?”

சொன்னேன். ஜானி, டாமி, ரெக்ஸ். அவள் வாயில் ஒரு தரம் போட்டுப் பார்த்துக்கொண்டாள். ஜானி சோணியானான். டாமி தாமுவானான். ரெக்ஸ், ராசு. தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயோரம் வைத்து, எடுத்தாள்.

*சீமையில பொறந்தவனே, ஏஞ்சோணி,*
*சின்ன வயசுக்காரா,*
*பெத்தவ மொகம் பாக்க, ஏஞ்சோணி,*
*பொழுதில்லாப் போயிருச்சே.*

குரல் கேட்டு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவளைச் சுற்றி உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். இந்த முறை சார்ஜன் எண்ணவில்லை. தாமுவுக்கு ஒன்று பாடினாள். ராசுவுக்கு ஒன்று பாடினாள். அந்த மூன்று பேருக்கும் அவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் அழுதிருப்பார்கள்; இப்படி அழுதிருக்க மாட்டார்கள். ஞானராஜ் கிதாரில் அவளோடு சேர்ந்து போக முயன்றான். அவன் வைத்திருந்த மூன்று சுருதியும் அவளுக்கு ஒத்துவரவில்லை. கையை எடுத்துவிட்டான்.

பிறகு நாலாவது படத்தின் பக்கம் திரும்பினாள். சார்ஜனின் பூட்ஸ் தரையில் ஒரு தரம் நகர்ந்தது. வேறு பெயர் கேட்டால் அள்ளிக்கொண்டு போவேன் என்று சொன்னவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

*ஆகாச வண்டி கட்டி, எஞ்சாமி,*
*அந்தரமாப் போனவனே,*
*எறங்க எடமில்லாம, எஞ்சாமி,*
*எந்தக் காட்டுல எறங்குனியோ.*

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு வருஷம் அடக்கியது அந்தக் கொட்டகைக்குள் அடங்கவில்லை.

படையல் சோறு எல்லாருக்கும் போனது. சார்ஜன் நின்றபடியே ஒரு கை வாங்கிச் சாப்பிட்டார். “சம்பல் காரம்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தார்.

கிணற்றடியில்

கூட்டம் கலைந்தபின் பாக்கியம் அத்தை தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“அத்தை, ஒண்ணு சொல்லணும். தப்பா நினைச்சுக்கக் கூடாது. இந்தப் பெர்மிட்டு வேலுவுக்குன்னு வாங்கினது இல்ல.”

“தெரியும் தம்பி.”

“தெரியுமா?”

“அவங்கூடச் செத்தது ரெண்டும் சீனப் புள்ளைங்க. சீனப் புள்ளைக்கு வெள்ளக்காரன் படம் வைக்கிறீங்கன்னா எனக்குத் தெரியாதா?” சட்டியைக் கவிழ்த்து நீரை வடித்தாள். “சர்க்காரு பெர்மிட்டு குடுத்து ஒரு கருமாதி நடக்குதுன்னு சொன்னாங்க. நான் தனியாப் போயிக் கேட்டா எனக்கு யாரு குடுப்பா? கூட்டத்தோட கூட்டமா அவனும் ஒரு ஓரத்துல ஒண்டிக்கட்டுமேன்னு கொண்டாந்தேன். ஒங்களத்தான் பாவம், ரொம்பப் பயமுறுத்திட்டேன்.”

பிறகு, “வர்ற வருசம் திதிக்கும் மனு எழுதுவீங்கல்ல?” என்று கேட்டாள்.

எழுதினேன். இந்த முறை அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபோது, அவசரகாலமே முடிந்துவிட்டது, இதற்கெல்லாம் இனிமேல் பெர்மிட் வேண்டியதில்லை, போடா என்றார் சார்ஜன் மைக்கேல். இருக்கட்டும் சார், அத்தைக்கு வேணும் என்றேன்.

தாளை வாங்கிப் படித்தார். ஜானி, டாமி, ரெக்ஸ், வேலு. பென்சிலை எடுக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, முத்திரையைத் தேடி எடுத்து, மைப்பெட்டியில் இரண்டு தரம் அழுத்தி, நாலாவது பெயருக்குக் கீழே குத்திக் கொடுத்தார்.